பிந்தி வரும் நியூத்திரன்கள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் அளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் முட்டியதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அதற்குப் பிறகு நாடு குரங்கைப் பற்றித்தான் பேசியது. பேசியிருக்க வேண்டியது வேறு. அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு, வெயில் நன்றாக இருந்ததால் சூரிய மின்சாரம் பெரும்பங்கு வகித்தது. கனத்த சுழலிகள் கொஞ்சமாகவே சுழன்றுகொண்டிருந்த அந்த வேளையில், ஓர் இடத்துக் கோளாறைத் தாங்கிக்கொள்ளும் வலு மின்வலையமைப்புக்கு இருக்கவில்லை. மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்த நாள்களிலும் ஒரு மணி, ஒன்றரை மணி என்று முறைவைத்து மின்வெட்டு நடந்தது. நிலக்கரி நிலையத்துக்கே இந்தப் பாடு. அந்த இடத்தில் ஓர் அணு உலை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

கேட்கத் தகுந்த கேள்விதான். சர்வதேச அணுசக்தி முகவரகம் 1957இல் தொடங்கியபோதே இலங்கை அதில் சேர்ந்துவிட்டது. 1969இல் அணுசக்தி அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம், அணுத் தொழில்நுட்பத்தை வளர்க்க ஒரு சபையையும் அதைக் கண்காணிக்க இன்னோர் அமைப்பையும் தனித்தனியே உண்டாக்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லை, ஒருகொடவத்தையில் பேஸ்லைன் வீதியில்தான் அணுசக்திச் சபையின் அலுவலகம் இருக்கிறது. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை கைச்சாத்தானது. அணுமின் திட்டத்துக்கு நாடு எவ்வளவு ஆயத்தம் என்பதை 2022இல் முகவரகத்தின் நிபுணர் குழு மதிப்பிட்டது. இவ்வளவு நடந்தும், பொதுவெளியில் கேட்கப்படுபவை இரண்டே கேள்விகள்: குண்டுபோல் வெடிக்குமா? யூனிற் விலை குறையுமா? முதற்கேள்வி தப்பான பயத்திலிருந்து பிறப்பது. இரண்டாவது, காலம் தப்பி முன்கூட்டியே கேட்கப்படுவது. உலைக்குள் நியூத்திரன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால் நாம் எதற்கு அஞ்ச வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பவை தெளிவாகும். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இலங்கைக்கு இப்போது வேண்டியவை உறுதியான மின்வலையும் நியூத்திரன் கணக்குத் தெரிந்த ஆள்களும். உலை வாங்குவதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

நியூத்திரனுக்கு மின்னேற்றம் கிடையாது. அதனால் அணுக்கருவின் மின்விலக்கு விசைக்கு அது கட்டுப்படாமல் நேரே உள்ளே போய்விடும். 1932இல் ஜேம்ஸ் சாட்விக் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு ஆண்டு கழித்து ரோமில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு ஒரு விந்தையைக் கண்டது. நியூத்திரன்களை மெழுகுக்குள்ளால் செலுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டால், அணுக்கருக்கள் அவற்றை இன்னும் நன்றாகவே பிடித்துக்கொண்டன. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கியபோது பேரியம் கிடைத்தது. கரு இரண்டாகப் பிளந்துவிட்டது என்று விளங்கப்படுத்தியவர்கள் லீஸ மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும். இந்த ஹான் கதிரியக்கத் துறைக்குள் வந்த வழியில் நமது மண்ணும் இருக்கிறது. இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் 1905இல் அவர் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தது, இலங்கையிலிருந்து போன தோரியனைற் என்ற கனிமத்திலிருந்து எடுத்த பொருளில்தான். சபரகமுவவில் கிடைத்த அந்தக் கனிமம் 1904இல் உலகுக்குத் தெரியவந்தது, அப்போது இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமியின் வேலையால். கொழும்பில் பிறந்த முத்துக்குமாரசுவாமியின் மகனை நாம் கலை வரலாற்றாசிரியராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

ஒரு யுரேனியம்-235 கரு பிளக்கும்போது சராசரியாக 2.4 நியூத்திரன்கள் வெளிவரும். செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் அவற்றை இன்னொரு யுரேனியம்-235 கரு எளிதில் பிடிக்காது. செக்கனுக்கு 2 கிலோமீற்றர் அளவுக்கு வேகத்தைத் தணிக்க வேண்டும். நீரில் உள்ள ஐதரசன் கரு நியூத்திரனின் எடையையே கொண்டது என்பதால் பதினெட்டு மோதல்களில் வேலை முடிந்துவிடும். கிராபைற்றின் காபனுக்கு நூற்றுக்கு மேல் மோதல் வேண்டும். ஆனால் ஐதரசன் இடைவழியில் சில நியூத்திரன்களை விழுங்கியும்விடும். கனநீர் அவ்வளவாக விழுங்காது. அதனால்தான் கனநீர் உலைக்கு 0.7 வீதம் மட்டுமே யுரேனியம்-235 கொண்ட இயற்கை யுரேனியம் போதுமாகிறது, சாதாரண நீர் உலைக்கு அதை 3 முதல் 5 வீதம்வரை செறிவாக்க வேண்டியிருக்கிறது. உலைக் கோட்பாடு என்பது, எடுத்துப்பார்த்தால், செட்டியார் தெருக் கடையின் நாட்கணக்குப் போன்றது. பிறந்த நியூத்திரன் எத்தனை, யுரேனியம்-238 விழுங்கியது எத்தனை, உருக்கிலும் நீரிலும் போனது எத்தனை, சுவர் தாண்டிக் கசிந்தது எத்தனை, மிஞ்சி அடுத்த பிளவைச் செய்தது எத்தனை? ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் சரியாக ஒன்று என்றால் உலை நிலையாக ஓடும். ஒன்றுக்குக் கீழே போனால் அணையும், மேலே போனால் வலு ஏறும். 1942 டிசம்பர் 2இல் சிக்காகோவில் ஃபெர்மி ஓடச் செய்த முதல் உலை இந்தக் கணக்கைக் கையால் போட்டுத்தான் ஓடியது.

இங்கேதான் இயற்கை நமக்குச் செய்த ஓர் உதவி வருகிறது. அது இல்லையென்றால் அணுமின் நிலையம் என்ற ஒன்றே உலகில் இருந்திராது. நியூத்திரன் ஒன்று பிறந்து அடுத்த பிளவை உண்டாக்க எடுக்கும் நேரம் செக்கனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். விகிதம் ஒன்றிலிருந்து 1.001க்கு, அதாவது ஆயிரத்தில் ஒன்று மட்டும் ஏறினது என்று வைத்துக்கொள்வோம். ஒரே செக்கனில் பத்தாயிரம் தலைமுறைகள் கடந்து வலு இருபதாயிரம் மடங்குக்கு மேலே போயிருக்கும். எந்த மனிதக் கையும் எந்த இயந்திரமும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் எல்லா நியூத்திரன்களும் பிளவோடு கூடவே வருவதில்லை. யுரேனியம்-235இல் நூற்றுக்கு 0.65 பங்கு, பிளவில் பிறந்த துண்டுகளுக்குள் தங்கியிருந்து, செக்கனுக்கும் குறைவான நேரத்திலிருந்து ஒரு நிமிடம்வரை பிந்தி வெளியே வரும். 1939இலேயே இது கவனிக்கப்பட்டது. ஆயிரத்தில் ஆறேழு என்ற இந்தச் சிறு கூட்டம் முழுக் கணக்கையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது. அதே 1.001 ஏற்றத்தில் இப்போது வலு உடனே ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கூடும். பின்னர் மெல்ல மெல்ல ஏறி இரட்டிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கட்டுப்பாட்டுக் கோலை இறக்குவதற்கு அது தாராளமான நேரம். உலையை வடிவமைப்பவரின் முதற்கடமை, பிந்தி வருகிறவர்கள் இல்லாமல் கணக்கு ஒருபோதும் ஒன்றை எட்டாதபடி பார்த்துக்கொள்வதே. அந்த எல்லை தாண்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1961 ஜனவரி 3 சாட்சி. அமெரிக்காவின் ஐடாஹோவில் எஸ்எல்-1 என்ற சிறு இராணுவ உலையின் நடுக்கோலைக் கையால் கூடுதலாக இழுத்ததில் கண்மூடித் திறப்பதற்குள் உலை சிதறி மூவர் இறந்தனர்.

அப்படியென்றால் வெடிக்கும்தானே என்று கேட்பார்கள். எஸ்எல்-1இல் சிதறியது நீராவி அழுத்தத்தால். அது அணுகுண்டு அல்ல. குண்டுக்கு யுரேனியம்-235 தொண்ணூறு வீதம் அளவு செறிந்திருக்க வேண்டும். மின் உலையில் இருப்பது அதன் இருபதில் ஒரு பங்கு அளவு. இன்னும் முக்கியமானது, உலை சூடாகும்போது தானே தன்னை அடக்கும் இயல்பு. யுரேனியம்-238 சூடேறினால் கூடுதலான நியூத்திரன்களை விழுங்கும். தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் உள்ளது போன்ற உலைகளில் நீரே வேகத்தைத் தணிப்பதும் வெப்பத்தைக் கொண்டுபோவதும் என்பதால், நீர் போய்விட்டால் நியூத்திரன்கள் வேகம் தணியாமலே இருந்து பிளவுச் சங்கிலி அறுந்துவிடும். செர்னோபிலில் அப்படி இல்லை. அங்கே வேகத்தைத் தணித்தது கிராபைற். நீர் நியூத்திரனை விழுங்குகிற பொருளாக இருந்தது. நீர் கொதித்து ஆவியானபோது விழுங்குவது குறைந்து வலு இன்னும் ஏறியது. அந்த வடிவமைப்பைக் கூடங்குளத்தோடு ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நியாயமில்லை. ஆனால் கூடங்குளத்தை எதிர்த்து 2011, 2012இல் இடிந்தகரையில் உட்கார்ந்த மீனவர்களை அறியாதவர்கள் என்று தள்ளியவர்களும் நியாயமாக நடக்கவில்லை. அந்த மக்களின் அச்சத்துக்கு அடியில் இருந்தது புகுஷிமா. புகுஷிமா குண்டைப் பற்றிய பயம் அல்ல.

2011 மார்ச் 11இல் ஜப்பானில் நிலம் அதிர்ந்தவுடன் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றன. செக்கன்களில் சங்கிலி அறுந்தது. நியூத்திரன் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. பிழை வேறிடத்தில். பிளவில் பிறந்த துண்டுகள் கதிரியக்கம் உள்ளவை. உலை நின்ற பிறகும் அவை தேய்ந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் முழுவலுவில் 6 முதல் 7 வீதம், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை வீதம் அளவு, ஒரு நாளில் அரை வீதம் அளவு. அற்பமாகத் தெரியும். கூடங்குளம் உலை ஒன்றின் வெப்பவலு 3,000 மெகாவாட் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் பார்த்தால், நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்தும் 40 மெகாவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பம்பிகள், பம்பிகளுக்கு மின்சாரம். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நில நடுக்கத்தில் போனது, டீசல் மின்பிறப்பாக்கிகளை ஆழிப்பேரலை மூழ்கடித்தது. எரிபொருள் உருகியது. இதேபோல் கடல் ஆறு ஆண்டுக்கு முன், 2004 டிசம்பர் 26இல், தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குள்ளும் வந்தது. ஊழியர் குடியிருப்பில் பல உயிர்கள் போயின, கடல்நீர்ப் பம்பிக் கூடம் மூழ்கியது. ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தினார்கள். குளிர்விப்புத் தொடர்ந்தது, சில நாள்களில் உலை மீண்டும் ஓடியது. இரண்டு இடங்களையும் பிரித்தது, நிறுத்திய பின்னும் பம்பிக்கு மின்சாரம் கிடைத்ததா என்ற ஒன்றுதான். ஆகவே அணு உலையை நோக்கி அச்சத்தோடு கேட்க வேண்டிய முதற்கேள்வி மின்சாரத்தைப் பற்றியது. மின்சாரம் தருவதற்காகக் கட்டும் நிலையம், தான் ஓடாதபோது பிறரின் மின்சாரத்தை நம்பி நிற்கிறது.

இரண்டாவது சங்கதி அவ்வளவாகப் பேசப்படாதது, ஆனால் இலங்கைக்கு மிகவும் பொருந்துவது. 1944 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஹான்போர்டில் உலகின் முதல் பெரிய உலை ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் காரணமே தெரியாமல் வலு குறைந்து நின்றது. பிறகு தானே உயிர்த்தது, மறுபடி தளர்ந்தது. காரணம் செனன்-135 என்ற வாயு. பிளவில் அயடீன்-135 பிறக்கும். 6.6 மணி அரைவாழ்வில் அது செனனாக மாறும். செனனுக்கு அரைவாழ்வு 9.1 மணி. நியூத்திரனைப் பிடிப்பதில் யுரேனியம்-235ஐவிட ஆயிரக்கணக்கான மடங்கு பேராசை பிடித்தது அது. இயற்பியலாளர்கள் 1,500 குழாய்கள் போதும் என்று சொல்லியிருந்த இடத்தில் டூபாண்ட் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் முன்யோசனையாக 2,004 துளைகள் வைத்திருந்தார்கள். கூடுதல் குழாய்களில் எரிபொருள் போட்டதும் செனனை மீறி உலை ஓடியது. அறிவியல் வரலாற்றில் பொறியியலாளரின் சந்தேகம் கொள்கையாளரின் நம்பிக்கையைக் காப்பாற்றிய அழகான இடங்களில் அது ஒன்று. உலை ஓடிக்கொண்டிருக்கும்வரை நியூத்திரன்கள் செனனைத் தின்றுகொண்டே இருக்கும், ஒரு சமநிலை இருக்கும். உலை திடீரென்று நின்றால் தின்ன ஆளில்லை. அயடீன் மட்டும் செனனாக மாறிக்கொண்டே போகும். பத்து, பதினொரு மணி நேரத்தில் செனன் உச்சத்துக்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கும். அந்த இடைவேளையில் உலையை மீண்டும் ஓட்டுவது கடினம் அல்லது முடியாது. செர்னோபிலிலும் இது நடந்திருக்கிறது. 1986 ஏப்ரல் 25 பிற்பகலில் ஒரு பரிசோதனைக்காக வலுவைக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மாலை மின்தேவைக்காகப் பொறுத்திருங்கள் என்று கீவ் நகரின் மின்வலைக் கட்டுப்பாட்டாளர் கேட்டார். பரிசோதனை ஒன்பது மணி நேரம் தள்ளிப்போனது. பாதி வலுவில் நின்ற உலைக்குள் செனன் சேர்ந்தது. இரவில் வலு விழுந்தபோது அதை மீறுவதற்காக ஓட்டுநர்கள் கோல்களை அளவுக்கு மிஞ்சி வெளியே இழுத்தார்கள். மின்வலையின் ஒரு தொலைபேசி அழைப்பு உலைக்குள் நியூத்திரன் கணக்கை மாற்றிவிட்டது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 2003 ஆகஸ்ட் 14இல் வட அமெரிக்காவின் வடகிழக்கில் மின்வலை இடிந்தபோது அமெரிக்காவில் ஒன்பது உலைகள் தாமாக நின்றன. கனடாவின் ஒன்ராறியோவில் இயங்கிக்கொண்டிருந்த உலைகளில் நான்கு மட்டும் வலுவைக் குறைத்துக்கொண்டு, மின்சாரம் அனுப்பாமல் நீராவியை வேறு வழியில் விட்டபடி தங்களை உயிரோடு வைத்திருந்தன. சில மணி நேரத்தில் அவை வலையோடு மீண்டும் இணைந்தன. நின்றுபோன மற்றவற்றில் பல திரும்புவதற்கு நாள்கள் எடுத்தன. கனநீர் உலைகளில் இது மிகவும் கடுமையானது. நின்று அரை மணிக்குள் மறுபடி ஓட்டாவிட்டால் ஏறத்தாழ ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டும். கூடங்குள வகை உலையில் போரன் கலந்த நீரை இளக்கி இந்தத் தடையைப் பெரும்பாலும் கடக்கலாம் என்றாலும், எரிபொருள் தேய்ந்த கடைசி மாதங்களில் அந்த வசதி குறைந்துவிடும். இதில் நமக்குக் கிடைக்கும் பாடம் இரட்டைச் சங்கடம். ஒரு மின்வலையில் ஓர் இயந்திரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. இலங்கையின் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டை எட்டாத அளவு. ஞாயிறு நண்பகலில் அதைவிடவும் மிகக் குறைவு. ஆகவே கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை நமக்கு ஒத்துவராது. 300 மெகாவாட் நுரைச்சோலை இயந்திரமே எல்லையில் நிற்கிறது. பல ஆண்டுகள் ஓடிப் பழக்கப்பட்ட சிறிய உலை என்றால் பக்கத்தில் உள்ளது கல்பாக்கத்தின் 220 மெகாவாட் கனநீர் உலை. அளவில் அது நமக்குப் பொருந்தும். ஆனால் செனனைத் தாண்டும் கையிருப்புக் குறைந்த வகையும் அதுதான். குரங்குக்கு விழுகிற மின்வலையோடு இணைத்தால், ஒவ்வொரு விழுகைக்கும் ஒன்றரை நாள் இருட்டு என்று கணக்குப் போட வேண்டியதுதான்.

இது பழைய உலைகளின் கதை என்ற மறுப்பு வரும். புதிய சிறு உலைகளில் மின்சாரம் இல்லாமலே இயற்கையான நீரோட்டத்தால் குளிர்வித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு, கூடங்குளத்திலேயே பம்பி இல்லாமல் வெப்பம் நீக்கும் அமைப்பும் உருகிய எரிபொருளைத் தாங்கும் தட்டும் உண்டு. உண்மை. வெப்பம் பற்றிய பயத்தை இவை பெரிதும் குறைக்கின்றன. ஆனால் இந்த வடிவமைப்புகளிலும் செனன் ஒழிவதில்லை. அதை மீறுவதற்கான கையிருப்பை எவ்வளவு வைக்கலாம் என்பதே வேறுபாடு. ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் 2020 முதல் மிதக்கும் நிலையம் ஒன்று இரண்டு 35 மெகாவாட் உலைகளோடு மின்சாரம் தருகிறது. அதைப் பார்த்து நாமும் ஒன்றைக் கொழும்புத் துறைமுகத்தில் கட்டிவைக்கலாமே என்று பேசுவோர் இருக்கிறார்கள். அது ஆர்க்டிக் கரையில் வேறு வழி இல்லாத ஓர் ஊருக்குச் செய்யப்பட்டது. அதன் விலையை நிர்ணயித்தது சந்தை அல்ல. சிறு உலைகள் விற்பனைக்கு நிறைய வந்து, பல நாடுகளில் பத்து ஆண்டு ஓடின பிறகு நாம் பேசலாம். கடனில் மூழ்கி 2022இல் விழுந்த நாடு முதல் வாடிக்கையாளராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு மறுப்பு பேருவளைக் கடற்கரையிலிருந்து வருகிறது. அங்கே மணலில் மொனசைற் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, குமாரசுவாமியின் காலத்திலிருந்தே தெரிந்ததுதானே, நமக்கு எதற்குப் பிறரின் யுரேனியம் என்கிறார்கள். ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தோரியம் தானாகப் பிளப்பதில்லை. தோரியம்-232 ஒரு நியூத்திரனை விழுங்கி, இருபத்தேழு நாள் அரைவாழ்வுள்ள புரோட்டக்டினியம் வழியாகப் போய், யுரேனியம்-233 ஆன பிறகுதான் பிளக்கும். அந்த நியூத்திரனைத் தர ஏற்கெனவே ஓர் உலை வேண்டும். கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற உலை யுரேனியம்-233 எரிபொருளாகக் கொண்டு ஓடுவது. உலகிலேயே அப்படி ஓடுவது அது ஒன்றுதான். வலு 30 கிலோவாட் மட்டுமே. அறுபது ஆண்டுக்கு மேலாகத் தோரியத்தைத் துரத்தும் இந்தியாவே அந்தக் கட்டத்தில் இருக்கிறது. மணலைக் காட்டி எரிசக்தித் திட்டம் எழுதுகிறவர்கள் நியூத்திரனை எங்கிருந்து எடுப்பார்கள் என்று சொல்வதில்லை.

அப்படியானால் இந்தப் படிப்பே நமக்கு எதற்கு, சூரியனும் காற்றும் போதாதா என்ற மறுப்பு மிச்சம் இருக்கிறது. அதுவே வலுவானது. சூரியனும் காற்றும் மலிந்துவிட்டன, அவற்றை முன்னால் விட வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. மின்கலச் சேமிப்பும் வலையின் நிலைப்பும் சூரியனுக்கும் வேண்டியவை. உலைக்கு வேண்டியவையும் அவையே. ஆகவே மின்வலையைத் திருத்துவதில் எந்தப் பணமும் வீணாகாது. ஆனால் நியூத்திரனைப் படிக்க வேண்டுமா என்பதற்கும் உலை வாங்குவதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. கொழும்பிலிருந்து நேர்கோட்டில் யாழ்ப்பாணம் 300 கிலோமீற்றர். கூடங்குளம் 270 கிலோமீற்றர் அளவுதான். நாம் உலை கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஓர் உலைக்கு யாழ்ப்பாணத்தைவிட அருகில் வாழ்கிறோம். அங்கே 2013இலும் 2016இலும் இரண்டு உலைகள் ஓடத் தொடங்கின. மேலும் நான்கு அங்கே கட்டப்படுகின்றன. ஒரு நாள் அங்கே ஏதாவது நடந்தால், எது வெளிவரலாம், எது வராது, எத்தனை மணியில் எந்தக் காற்றோடு என்று சொல்லத் தெரிந்தவர்கள் நமக்குள் இருக்க வேண்டும். இந்தியா அனுப்பும் அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து வாசிப்பது போதாது.

இதோடு, நாம் ஏற்கெனவே நியூத்திரனின் வேலையால் வாழ்கிறோம். பியகமவில் 2014 முதல் இயங்கும் கதிர்வீச்சு நிலையம் மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கப் பயன்படுத்துவது கோபால்ட்-60. அது சாதாரண கோபால்ட்டை ஏதோ ஒரு நாட்டின் உலைக்குள் வைத்து நியூத்திரன் ஏற்றிச் செய்தது. அதன் அரைவாழ்வு ஐந்தே கால் ஆண்டு என்பதால் காலத்துக்குக் காலம் புதிதாக வாங்க வேண்டும். மகரகம புற்றுநோய் வைத்தியசாலை பல காலம் நம்பியிருந்த கதிர்ச்சிகிச்சைப் பொறிகளிலும் இருந்தது இதே பொருள். அணு மருத்துவப் பிரிவில் எலும்பையும் இதயத்தையும் படமெடுக்கத் தரும் தெக்நீசியத்தின் தாய்ப்பொருள் உலைகளில்தான் உண்டாகிறது. அறுபத்தாறு மணி அரைவாழ்வு. விமானம் தாமதித்தால் மருந்து கரைந்துபோகும். பிளக்கும் பொருளுக்குள் நியூத்திரன் எப்படி அலைகிறது என்று கணிப்பதற்காக ஸ்ரானிஸ்லாவ் உலாமும் ஜோன் ஃபொன் நொய்மனும் 1940களின் பிற்பகுதியில் வகுத்த மொண்டி கார்லோ முறையை இன்றைக்குக் கதிர்ச்சிகிச்சை அளவைக் கணிப்பவரும் வங்கியில் ஆபத்துக் கணிப்பவரும் பயன்படுத்துகிறார்கள். எக்ஸ் கதிர் ஊடுருவ முடியாத உலோகத்துக்குள் நியூத்திரன் போய், அங்கே ஒளிந்திருக்கும் ஐதரசனைக் காட்டிக் கொடுக்கும். காமினியில் விண்கலங்களின் சிறு வெடிப்புக் கருவிகளை அப்படித்தான் சோதிக்கிறார்கள். பொருள்களின் உள்ளமைப்பை நியூத்திரனால் ஆராய்ந்ததற்கு 1994இல் பேர்ட்ரம் புரொக்ஹவுஸுக்கும் கிளிஃபோர்ட் ஷல்லுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இவை எதற்கும் நம்மிடம் மின் உலை இருக்கத் தேவையில்லை.

பங்களாதேஷை நினைத்துப் பார்க்கலாம். 1986இல் சாவாரில் 3 மெகாவாட் ஆராய்ச்சி உலை ஒன்றை அவர்கள் ஓட்டினார்கள். எரிபொருளிலேயே ஐதரசன் கலந்திருப்பதால், சூடேறினால் கணத்தில் தானே தணியும் வகை அது. மாணவர் படிக்கப் பாதுகாப்பானது. முப்பது ஆண்டு அதில் ஆள் பழக்கிய பிறகு 2017இல் ரூப்பூரில் மின் உலைக்கு முதல் கொங்கிறீற் போட்டார்கள். அப்படி இருந்தும் உலை ஆயத்தமாகும் வேளையில் மின்வழிகள் ஆயத்தமாகாததும் தாமதத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நம்மிடம் ஆராய்ச்சி உலையும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத் துறை ஒன்று இருக்கிறது. படித்து முடிப்பவர்களுக்கு நாட்டுக்குள் வேலை அரிது. படிப்பு உள்ளே, பயன் வெளியே என்ற பழைய பாதைதான் அங்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எந்த நாட்டோடும் மின் உலைக்கு ஒப்பந்தம் எழுத இலங்கை இன்றைக்கு ஆயத்தமாக இல்லை. அதற்குக் காரணம் குண்டும் அல்ல, கதிர்வீச்சும் அல்ல. ஒரு மின்மாற்றிக் கோளாறில் நாடு முழுவதும் இருளும் மின்வலைதான். முழு நாட்டு மின்தடை இல்லாமல் பத்து ஆண்டு கடந்தபின் அந்தப் பேச்சைத் தொடங்கட்டும். ஆனால் பல்கலைக்கழகத்தில் நியூத்திரன் கற்பிக்கும் இருக்கைகளுக்கும், ஒருகொடவத்தையில் கண்காணிப்புக் கருவிகளை இயக்கத் தெரிந்தவர்களுக்கும், சிறிய ஆராய்ச்சி உலை ஒன்றின் சாத்தியத்தை ஆராய்வதற்கும் பணத்தை இப்போதே ஒதுக்க வேண்டும். அடுத்த தேர்தலில் அணுமின் நிலையம் தருவேன் என்று வருபவரிடமும், தரவே விட மாட்டேன் என்று வருபவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நாடு இருண்ட அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் உங்கள் உலையைக் குளிர்விக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும், கூடங்குளத்தின் உலைக்கு என்ன நடக்கிறது என்று எங்களுக்கு யார் சொல்வார்?